ஓசை எழுப்பாத காய்

டொமாட்டிலோவைத் தனிச்செடியாக வைத்தால் காய்க்காது. பூக்கும், தேனீ வரும், பூ உதிரும், அதோடு சரி. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி அது. வேறொரு விதையிலிருந்து முளைத்த இன்னொரு செடி அருகில் நிற்க வேண்டும். அப்படி இரண்டு சேர்ந்துவிட்டால் கோடை முழுக்கக் காய்த்துத் தள்ளும். தக்காளியிலும் கத்தரியிலும் காம்போடு ஒட்டிக் கிடக்கும் புல்லிவட்டம் இதில் காயை முந்திக்கொண்டு வளர்கிறது. காய் மிளகளவு இருக்கும்போதே அதைச் சுற்றி மெல்லிய பச்சை உறை முழு அளவில் மூடிக்கொண்டு தொங்கும். உள்ளே காய் மெல்லப் பருத்து உறையை நிரப்பி, ஓரத்தில் கிழிக்கத் தொடங்கும் நாளில் பறிக்க வேண்டும்.

மெக்சிகோவின் பச்சைச் சல்சா இந்தக் காயில்தான் பிறக்கிறது. அங்கே மக்காச்சோள வயலில் விதைக்காமலே முளைத்துவரும் சிறுகாய் வகையைக் களையெடுப்பவர்கள் விட்டுவைக்கிறார்கள். தமிழ்நாட்டு வரப்பிலும் குப்பைமேட்டிலும் வளரும் சொடக்குத் தக்காளி இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதை உறையோடு நெற்றியில் மோதி வெடிக்கவைத்து விளையாடிய எவருக்கும் டொமாட்டிலோவை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நான் இப்போது வசிக்கும் நடு டெக்சஸில் என் தோட்டத்துக்கு இது வந்து சேர்ந்தது அப்படி ஒரு பழைய பரிச்சயத்தால்தான். தக்காளிப் பாத்தியை ஒட்டி வேலியோரமாக ஒரு வரிசை. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மண், ஒரே தண்ணீர். இரண்டுக்கும் புழு வரும். ஆனால் வரும் விதம் வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் சில ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டொமாட்டிலோவின் உறை வெளியே பார்க்கக் குறையில்லாமல் இருக்கும். கையில் ஏந்தினால் கனம் இருக்காது. திருப்பிப் பார்த்தால் ஒரு துளை. பிரித்தால் காயில் பாதி போயிருக்கும். மீதி இடத்தில் ஈரமான கரும் எச்சம். அதன் நடுவே ஒரு புழு. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய இந்தப் புழுவின் பெயர் ஹெலியோதிஸ் சப்ஃப்ளெக்ஸா. அண்மைக்காலமாகக் க்ளோரிடியா என்ற பேரினத்தில் வைத்தும் எழுதுகிறார்கள். தக்காளியையும் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் மாறிமாறித் தின்னும் காய்ப்புழுவின் நெருங்கிய உறவு. ஆனாலும் அந்த உறவினரைப்போல் கிடைத்ததையெல்லாம் தின்பதில்லை. உறைபோட்ட காய்களைக் கொண்ட ஃபிசாலிஸ் பேரினம் ஒன்றே அதன் உலகம். ஒரு காயைக் குடைந்து முடித்ததும் வெளியே வந்து அடுத்த உறைக்குள் துளை போடும். அந்த உறை அதற்கு இருப்பிடமும் அரணும் ஆகிறது. உறைக்குள் இருக்கும் புழுவை ஒட்டுண்ணிக் குளவியால் எளிதில் எட்ட முடிவதில்லை.

உறை எவ்வளவு பழையது என்பதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில், லகுனா டெல் ஹுன்கோ என்ற இடத்தில் கிடைத்த புதைபடிவங்களில் ஃபிசாலிஸின் உறை, நரம்புகள் தெரிய, கல்லில் பதிந்திருந்தது. வயது 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் அடங்கிய குடும்பம் அவ்வளவு முந்தையது என்று அதுவரை பொதுவாகக் கணக்கிடப்படவில்லை. மனிதர் என்ற பேச்சே எழாத காலத்தில் இந்த உறை தென் அமெரிக்காவின் தென்கோடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் துளை விழுந்த உறையை வைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த எண் எனக்கு ஒரு வகையான நிதானத்தைத் தருகிறது.

தக்காளியின் கதை வேறு. தக்காளிச் செடியைப் புழு கடித்தால் அது சும்மா நிற்பதில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயனும் அவருடைய மாணவர் கிரீனும் 1972-இல் இதைக் காட்டினார்கள். வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில் மட்டுமல்லாமல், கடிபடாத தூரத்து இலைகளிலும் சில மணி நேரத்துக்குள் ஒரு புரதம் திரள்கிறது. அது பூச்சியின் குடலில் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். தின்னத் தின்னப் பூச்சிக்குச் சத்து சேராது. காயம்பட்ட இடத்திலிருந்து மற்ற இலைகளுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று தேடியவர்கள் 1991-இல் தக்காளி இலையிலிருந்தே 18 அமினோ அமிலங்கள் கொண்ட சிஸ்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தாவரங்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புரத வகை ஹார்மோன் அதுதான். நாம் தினமும் ரசத்துக்குக் கிள்ளிவரும் செடியின் இலைக்குள் இவ்வளவு நடக்கிறது.

அதற்கும் மேலே ஒன்று. கடிபட்ட செடி காற்றில் வாசனை விடுகிறது. தக்காளி இலையைக் கசக்கினால் வரும் வாசனை எல்லாரும் அறிந்தது. புழு கடிக்கும்போது வருவது அதைவிட நுட்பமான கலவை. 1990-இல் மக்காச்சோளத்தில் இதைத் தெளிவாக நிறுவினார்கள். புழு கடித்த பயிர் விடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புழுவின் உடலில் முட்டையிடும் குளவி வந்து சேர்கிறது. கத்தரிக்கோலால் வெட்டிய இலை அப்படி அழைப்பதில்லை. வெட்டிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் அழைக்கிறது. அந்த வாய்நீரில் எது செடியை உசுப்புகிறது என்பது 1997-இல் தெரியவந்தது. வோலிசிட்டின் என்று பெயரிட்டார்கள். புழு தின்னும் இலையிலுள்ள லினோலெனிக் அமிலத்தைக்கொண்டே அது புழுவின் குடலில் உருவாகிறது. வளர்வதற்குப் பெரும்பாலான புழுக்களுக்கு அந்த அமிலம் இன்றியமையாதது. ஆக, புழு எதைத் தின்று வளர்கிறதோ அதுவே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

புழுக்களும் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்கத் தக்காளியின் காய்ப்புழுவான ஹெலிகோவெர்பா சீயா தன் உமிழ்நீரில் ஒரு நொதியை வைத்திருக்கிறது. அது புகையிலையின் நிகோட்டின் சுரப்பை அடக்கும் என்று 2002-இல் எழுதினார்கள். தக்காளி இலையின் துளைகளை அதே நொதி மூடவைக்கிறது, அதனால் உதவிக்கு அழைக்கும் வாசனை வெளியே போகாமல் குறைகிறது என்பது பிறகு வந்த கண்டுபிடிப்பு. அழைக்கும் வாயைப் பொத்துவது இப்படித்தான்.

உறைக்குள் இருக்கும் புழுவோ வாயைப் பொத்த வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்குப் போய்விட்டது. கான்சுவேலோ டி மொராயஸ், மார்க் மெஷர் ஆகிய இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபிசாலிஸ் அங்குலாட்டா, டொமாட்டிலோவின் களையாக வளரும் உறவுச்செடி. அதன் காயில் லினோலெனிக் அமிலம் இல்லை. மற்றப் புழுக்களை அந்தக் காயில் விட்டால் ஒழுங்காக வளர்வதில்லை. சப்ஃப்ளெக்ஸா அந்த அமிலம் இல்லாமலே வளரக் கற்றுக்கொண்டிருக்கிறது. அமிலம் உள்ளே போகாததால் வாய்நீரில் வோலிசிட்டின் இல்லை. வோலிசிட்டின் இல்லாததால் செடி உசுப்பப்படுவதில்லை. குளவியை அழைக்கும் வாசனை எழுவதில்லை. தன் உறவினர் பெரும்பாலாருக்குக் கட்டாயமான ஒரு சத்தை விலையாகக் கொடுத்து, இந்தப் புழு மறைவை வாங்கிக்கொண்டது. போட்டிக்கு வேறு புழு இல்லை, எதிரிக்குத் தகவல் இல்லை, மேலே ஒரு கூரை. பூச்சிகளைப் பற்றி நான் படித்தவற்றில் இதைப்போல் என்னை உட்காரவைத்த செய்தி வேறில்லை. ஆசியாவில் புகையிலையையும் மிளகாயையும் தின்னும் ஹெலிகோவெர்பா அசல்டா என்ற புழுவும் ஃபிசாலிஸுக்குப் போகக்கூடியது. அதன் கதையை யாராவது இதே பொறுமையோடு எழுதினால் முதல் வாசகனாக இருப்பேன்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு வேலைப் பிரிவினை. தக்காளிப் பாத்தியில் செடி தன்னால் இயன்றதைச் செய்துகொண்டிருக்கிறது, அழைத்தவர்களும் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே என் முதல் கடமை அவர்கள் வேலையைக் கெடுக்காமல் இருப்பது. டொமாட்டிலோ வரிசையில் அழைப்பு எழுவதே இல்லை. அங்கே நானாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் தக்காளிப் புழுவைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். கண்ணில் படாத உறைக்குள் என்ன நடக்கிறது என்று அறுவடை நாள்வரை பார்ப்பதில்லை.

பெரிதாகத் தெரிவது கொம்புப் புழு. இந்தப் பக்கத்தில் அதிகம் வருவது மான்டூகா செக்ஸ்டா, புகையிலைக் கொம்புப் புழு. பக்கவாட்டில் ஏழு சாய்ந்த வெள்ளைக் கோடுகள், வாலில் சிவந்த கொம்பு. இதன் சகோதர இனமான தக்காளிக் கொம்புப் புழுவுக்கு எட்டு அம்புக்குறிகளும் கருநீலக் கொம்பும். விரல் பருமனில் பத்து சென்டிமீட்டர்வரை வளரும். வாழ்நாளில் தின்பதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அதனால்தான் நேற்று நன்றாக இருந்த கிளை இன்று காம்பாக நிற்கிறது. அத்தனை பெரிய உடல் அத்தனை அருகில் இருந்தும் கண்ணுக்குத் தப்பும். முதலில் தெரிவது தரையில் கிடக்கும் எச்சம், வரிவரியாகப் பள்ளம் விழுந்த தடித்த உருண்டைகள். அதிலிருந்து நேர்மேலே பார்த்துக்கொண்டே போக வேண்டும். இருட்டியபின் புற ஊதா விளக்கை அடித்தால் செடி மங்கிக் கிடக்க, புழு மட்டும் பச்சையாக ஒளிரும்.

சில நேரம் அந்தப் புழுவின் முதுகில் அரிசிமணிகளை நிறுத்திவைத்ததுபோல் வெள்ளைக் கூடுகள் இருக்கும். கோட்டேசியா காங்கிரகேட்டா என்ற, மூன்று மில்லிமீட்டரே உள்ள குளவியின் பிள்ளைகள் அவை. தாய்க்குளவி புழுவுக்குள் முட்டைகளைச் செலுத்தும்போது கூடவே ஒரு வைரஸையும் செலுத்துகிறது. அந்த வைரஸ் புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்குகிறது. இல்லையென்றால் முட்டைகளைப் புழுவின் உடலே சுற்றிவளைத்து அழித்துவிடும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் குளவிகளின் மூதாதை ஒன்றைத் தொற்றிய வைரஸ் அதன் மரபணுக்களோடு கலந்து நின்றுவிட்டது. இன்று அது குளவியின் உறுப்பைப்போலவே ஆகிவிட்டது. உள்ளே வளர்ந்த குளவிப் புழுக்கள் தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டுகின்றன. கொம்புப் புழு உயிரோடுதான் இருக்கிறது. தின்பதை நிறுத்திவிட்டது. சில நாட்களில் இறந்துவிடும்.

அதை அப்படியே செடியில் விட்டுவிட வேண்டும் என்பது தோட்டக்கலை நூல்கள் எல்லாம் சொல்லும் அறிவுரை. அந்தக் கூடுகளிலிருந்து வெளிவரும் குளவிகள்தான் அடுத்த தலைமுறைக் காவல். அறிவுரை சரி. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எளிதாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். சாகக் காத்திருக்கும் ஓர் உயிரை, நமக்குப் பயன் என்பதால் காக்கவைக்கிறோம். சோப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நிமிடம். இப்படி விட்டால் நாட்கள். இயற்கை முறை என்று நாம் மனநிறைவோடு சொல்லும் ஒன்றுக்குள் இவ்வளவு வேதனை இருக்கிறது. அதை நாம் உருவாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் பயனை வேண்டிப் பெறுகிறோம். இந்த இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டுதான் அந்தச் செடியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

கையால் புழு பொறுக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தடிப்பதைவிட அதுவே மேல் என்று நான் நம்புகிறேன். சிறு தோட்டத்துக்கு அது போதும். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. ஆனால் இந்த நாட்டில் அந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் புகையிலைத் தோட்டங்களில் இதே கொம்புப் புழுவை இலை இலையாகப் புரட்டிப் பொறுக்கியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள், அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். 1936 முதல் 1938 வரை, அடிமை நிலையில் வாழ்ந்து அப்போது முதுமையில் இருந்தவர்களைச் சந்தித்து, அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் 2,300-க்கும் மேற்பட்ட நேர்காணல்களைப் பதிவுசெய்தது. அவற்றில் புழு பொறுக்கிய நினைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பொறுக்காமல் விட்ட புழுவை வாயில் போட்டுக் கடிக்கச் சொன்ன கதையும் வருகிறது. அதைச் சொன்னவர்களுக்கு அந்தச் சுவை எழுபது ஆண்டுக்குப் பிறகும் நாக்கை விட்டுப் போயிருக்காது.

இதைப் படித்தபின் புழு பொறுக்குவது எனக்கு வெறும் மாலைநேர இன்பமாக இருப்பதில்லை. அதை நிறுத்திவிடவும் இல்லை. மண்ணுக்குத் திரும்புவோம், கையால் செய்வோம் என்று இன்று பேசப்படும் பேச்சில் ஒரு தூய்மை உணர்வு ஏறிவிடுகிறது. அந்தக் கைகள் ஒரு காலத்தில் யாருடையவை, யாருக்காக வேலை செய்தன என்ற நினைவு அந்தப் பேச்சில் இல்லாமல் போவதை நான் ஏற்கவில்லை. நான் எனக்குப் பிடித்தால் பொறுக்குகிறேன், அலுத்தால் உள்ளே போய்விடுகிறேன். பொறுக்காமல் விட்ட புழுவுக்காக எனக்கு யாரும் தண்டனை தரப்போவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டால் வேலையே வேறாகிவிடுகிறது. பண்ணைகளில் கூலிக்குத் தக்காளி பறிக்கும் இன்றைய மெக்சிகோத் தொழிலாளிக்கும் எனக்கும் நடுவே இருப்பதும் அதே தூரம்தான்.

இன்னொரு சிக்கல், கொம்புப் புழு அந்துப்பூச்சியாகும்போது வருகிறது. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிக் கிடந்து எழுந்துவரும் சாம்பல்நிறப் பெரிய அந்து அது. சிறகு விரித்தால் நம் உள்ளங்கையைத் தாண்டும். அந்தி மயங்கியபின் பூவுக்கு முன்னே நின்ற இடத்திலேயே பறந்துகொண்டு நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் எடுக்கும். அமெரிக்கத் தென்மேற்கின் பாலைநிலத்தில் வெள்ளைப் பூ ஊமத்தைக்கு மகரந்தம் சேர்ப்பது இதுதான். அதே ஊமத்தையின் இலையில்தான் முட்டையும் இடுகிறது. பூவுக்கு உதவ வந்தவளே இலையைத் தின்னும் பிள்ளைகளை விட்டுப் போகிறாள். யூட்டாவின் காட்டுப் புகையிலை இதற்கு ஒரு வழி கண்டது. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, கொம்புப் புழு அதிகமாகத் தின்னத் தொடங்கினால் அந்தச் செடி இரவில் மலரும் பூக்களைக் குறைத்துக் காலையில் மலரும் பூக்களைத் தருகிறது. அந்து வரும் நேரம் போய்விடுகிறது. காலையில் ரீங்காரச் சிட்டு வந்து மகரந்தம் சேர்க்கிறது. செடி தன் விருந்தாளியையே மாற்றிக்கொள்கிறது.

அதனால் ஒவ்வொரு கொம்புப் புழுவையும் நான் கொல்வதில்லை. வேலி மூலையில், கிள்ளிப்போட்ட பக்கக் கிளையிலிருந்து வேர்பிடித்த தக்காளிச் செடி ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். அதன் காய் எனக்கு வேண்டியதில்லை. பொறுக்கியவற்றில் சிலவற்றை அங்கே கொண்டுபோய் விடுகிறேன். பறவை கொத்திப் போவது போக மிஞ்சுவது மண்ணுக்குள் இறங்கட்டும்.

காய்ப்புழு விஷயத்தில் இந்தத் தாராளம் எனக்கு இல்லை. ஹெலிகோவெர்பா சீயாவுக்கு முதல் விருப்பம் மக்காச்சோளம். அதன் பட்டு நார் காய்ந்தபின் அந்துகள் தக்காளிக்கு நகரும். முட்டை ஒவ்வொன்றாக இடப்படும். பொரிந்துவந்த புழு காம்பருகே துளைத்துக் காய்க்குள் போனபின் எந்த மருந்தும் அதை எட்டாது. பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவைத் தெளிப்பதென்றால் அதற்கு முந்தைய சில நாட்களுக்குள் தெளிக்க வேண்டும். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைச் சாகடித்த நோயில் இஷிவாடா இதைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவு அந்தின் புழுவில் பெர்லினர் கண்டு பெயரிட்டார். பட்டு வளர்ப்பவரின் சாபமாக இருந்தது தோட்டக்காரரின் மருந்தாயிற்று. புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கேதான் இந்தப் பாக்டீரியாவின் படிகம் கரைந்து குடல்சுவரில் ஓட்டை போடும். நம் வயிற்றில் அது நடப்பதில்லை. வெயிலில் சில நாட்களில் வீரியம் போய்விடும். நல்ல மருந்துதான். ஆனால் அது தக்காளிப் புழு, மற்றப் புழு என்று பிரித்துப் பார்க்காது. பக்கத்தில் சோம்புச் செடியில் கறுப்பு வால்வெட்டிப் பட்டாம்பூச்சியின் புழுவும், எலுமிச்சையில் பெரிய வால்வெட்டியின் புழுவும் இருக்கும். தெளிப்பானின் சாரல் காற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தக்காளி வைத்திருப்பவர்கள் சந்திப்பது இதன் உறவான ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவை. பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று பரிந்துரைத்தது. அந்து பூவைத் தேடிப் போய் அங்கே முட்டையிடும். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும் என்பதற்காகச் செண்டுமல்லி நாற்று 40 நாளும் தக்காளி நாற்று 25 நாளும் ஆனதாக இருக்கச் சொன்னார்கள். மொட்டைமாடித் தொட்டிகளில் வரிசைக் கணக்கு ஒத்துவராது என்றாலும், இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயும் செல்லும்.

டொமாட்டிலோ இலைகளை அரிக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. மஞ்சள் உடலில் மூன்று கரும்பட்டைகள் கொண்ட லீமா என்ற வண்டின் புழுக்கள். இலையின் அடியில் வரிசையாக நின்று தின்னும். தன் எச்சத்தையே தன் முதுகில் ஏற்றிப் பூசிக்கொண்டிருக்கும். செடியிலிருந்த நச்சு அந்த எச்சத்தில் மிஞ்சியிருப்பதால் எதிரிகள் வாய்வைக்கத் தயங்கும். பார்க்க அருவருப்பான இந்தப் புழுவுக்கும் அந்துப்புழுவுக்கான பி.டி. மருந்துக்கும் தொடர்பில்லை, அது வண்டினத்தின் குடலில் வேலை செய்யாது. கடையில் புழு மருந்து என்று கேட்டு வாங்கிவந்து தெளித்து, சாகவில்லையே என்று இரண்டு பங்கு தெளிப்பவர்கள் இங்கே நிறைய. இதற்குச் செய்யக்கூடியது, இலையின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டைக் கொத்தை நசுக்குவது. புழுவானபின் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது.

வீட்டுக் கூரை விளிம்பில் கூடு கட்டும் செங்குளவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே அவற்றைக் கண்டவுடன் நுரைமருந்து அடித்து வீழ்த்துகிறார்கள். கொட்டினால் வலிக்கும்தான். ஆனால் அவை நாள் முழுக்கத் தோட்டத்தில் புழு வேட்டையாடி, மென்று உருட்டிக் கூட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகின்றன. 1950-களில் வட கரோலினாவில் புகையிலை வயலோரங்களில் இந்த இனக் குளவிகள் கூடு கட்டுவதற்கென்றே பெட்டிகள் வைத்துப் பார்த்தார்கள், கொம்புப் புழுவைக் கட்டுப்படுத்த. வாசற்கதவுக்கு மேலே உள்ள கூட்டை அகற்றத்தான் வேண்டும். பின்புறக் கொட்டகையில் உள்ளதை விட்டுவைக்கலாம். என் வீட்டில் இருக்கின்றன. அவை புழுவோடு பறந்து போவதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

இந்தக் குளவிகளும் உறைக்குள் பார்ப்பதில்லை. அதனால் டொமாட்டிலோவுக்கு மிஞ்சுவது கண்ணும் கையும்தான். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் செடிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் இளம் உறைக்குள் ஒளி ஊடுருவும். காய் இருக்கும் இடம் நிழலாக, உருண்டையாகத் தெரியும். நிழல் ஒழுங்கில்லாமல், உறையின் அடியில் கரியதாக ஏதோ தேங்கியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இரவில் கைவிளக்கைப் பின்னால் பிடித்தும் இதைப் பார்க்கலாம். முதல் காயிலேயே பிடித்துவிட்டால் ஒரு காயோடு போயிற்று. பிடிக்காவிட்டால் அதே கிளையில் ஒன்றன்பின் ஒன்றாகத் துளை விழும். பருவத்துக்கு முன்பே கீழே உதிர்ந்த உறைகளைப் பிரித்துப் பார்க்காமல் உரக்குழியில் போடக் கூடாது. நெகிழிப் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்தபின் போடலாம். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். கொம்புப் புழு இறங்கிய வேலி மூலையை மட்டும் கிளறாமல் விடுகிறேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் மெக்சிகோவின் பூவெப்லா மாநிலத்திலிருந்து வந்த மூதாட்டி. துளை விழுந்த காயை நான் ஒதுக்கிவைப்பதைப் பார்த்து அவர் அதை வாங்கிக்கொண்டார். புழு தின்ற பாதியைக் கத்தியால் சீவி எறிந்தார். மீதியைப் பிசுக்குப் போகக் கழுவி, வெறும் இரும்புக் கல்லில் பச்சை மிளகாயோடும் வெங்காயத்தோடும் தோல் கருகும்வரை சுட்டு அரைத்தார். அதற்குப்பின் என் வீட்டிலும் துளைக்காய்களுக்கு ஒரு தனிக் கிண்ணம் இருக்கிறது. முழுக்காய்களுக்கு முன்னால் அவைதான் அடுப்புக்குப் போகின்றன.